மதராஸ் விமானத்தில் பம்பாய்ச் சாம்பல்

போன மாதம் எங்கள் கீழ்வீட்டுப் பெண் சென்னைக்கு விமானத்தில் போகப்போவதாகச் சொன்னாள். மயூர் விஹாரில் என் மகன் வீடு மூன்றாவது மாடி, அவள் இரண்டாவது மாடி. கைப்பேசியைத் தேய்த்துப் பார்த்து, "ஆன்ட்டி, டில்லிக்கும் சென்னைக்கும் ஆயிரத்து எழுநூத்திச் சொச்சம் கிலோமீட்டராம். ரெண்டே முக்கால் மணி நேரமாம்" என்றாள்.

"யாரு சொன்னது?"

"போன்ல போட்டிருக்கு."

"நடுவுல எங்கயும் எறங்காதுன்னு போட்டிருக்கா?"

"டைரக்ட் ஆன்ட்டி. டிக்கெட்லயே இருக்கு" என்று சிரித்தாள்.

டிக்கெட்டில் இருப்பதை நான் நம்புகிறவள் இல்லை. ஏன் என்று கேட்டாள். சொன்னேன். சொன்னதை எழுதிக் கொடுங்கள், காலனித் தமிழ்ச் சங்க மலரில் போடுகிறோம் என்றாள். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். ஒரு பக்கத்துக்கு ஒரு காலை நேரம் ஆகும். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். கேட்பார்களா இல்லையா என்பது அச்சில் வந்த பிறகு தெரியும்.

என் பெயர் அஞ்சலை. டில்லி விமான நிலையத்தில் இருபத்தோரு வருஷம் விமானத்துக்குள் சுத்தம் செய்யும் வேலை பார்த்தேன். வாசலில் பெருக்கியவள் என்று நினைத்துவிட வேண்டாம். விமானத்துக்கு உள்ளே. பைலட் உட்காரும் இடம் தவிர என் கை படாத இடம் கிடையாது.

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த புருஷனோடு டில்லிக்கு வந்தவள் நான். முனிர்காவில் ஓர் அறை. அவருக்குச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு நான் வேலை தேடினேன். எமர்ஜென்சி முடிந்த சமயம். ஒரு மாதம் பழக்கினார்கள். அதில் சொல்ல ஒன்றும் இல்லை, முதுகுவலிதான்.

வேலை இப்படி. விமானம் வந்து நிற்கும். நாங்கள் றெக்கை நிழலில் கான்வாஸ் பையோடு நிற்போம். கடைசிப் பயணி இறங்கியதும் உள்ளே இருக்கிற பெண் கையை அசைப்பாள். ஏணியில் ஏற வேண்டும். ஆளுக்கு இத்தனை வரிசை என்று பிரித்திருக்கும். எனக்கு முன்பக்கம். முதலில் ஸீட்டின் முதுகுப் பைக்குள் முழுக்கையையும் விட்டு அடிவரைக்கும் துழாவ வேண்டும். பிறகு கைப்பிடியில் இருக்கிற சாம்பல் டப்பாவை இழுத்து, பைக்குள் தட்டி, துடைத்துச் சொருக வேண்டும். அந்தக் காலத்தில் ஆண்களில் பாதிப் பேர் ஊதிக்கொண்டேதான் வருவார்கள். பிறகு ஸீட்டில் தலை சாய்க்கிற துணியை மாற்றி, பெல்ட்டைக் குறுக்கே மடித்துப் போட்டு, கடைசியில் தரை.

ஏதாவது பொருள் கிடைத்தால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. கையை மூடக்கூடாது. உள்ளங்கையை விரித்து, பொருளைத் தலைக்கு மேலே தூக்கி, "மிலா" என்று ஹிந்தியில் சத்தம் போட வேண்டும், கிடைத்தது என்று அர்த்தம். எல்லாரும் பார்த்த பிறகுதான் அது சூப்பர்வைசர் கைக்குப் போகும். மூடிய கைக்குள் ஒரு பேனா மூடி இருந்தாலும் அது திருட்டு. எங்கள் உடுப்பில் ஜேபி கிடையாது. வெளியே போகும்போது ஒரு செக்கிங் மேடம் கொண்டையை அவிழ்க்கச் சொல்வாள். கண்ணாடி வளையல் எத்தனை என்று உள்ளே வரும்போதே எண்ணி வைத்திருப்பாள். ஒரு வருஷம் உங்கள் தலைமயிருக்குள் இன்னொருத்தி கைவிட்டுத் தேடினால், பிறகு நீங்களும் எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பீர்கள். நான் அப்படி ஆனேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு அப்போது போர்டு படிக்க வராது, இங்கிலீஷ் தெரியாது. தமிழ் எழுத்தே பின்னால் கற்றுக்கொண்டதுதான். ஆனால் விமானம் எங்கேயிருந்து வருகிறது என்று உள்ளே ஏறிய மாத்திரத்தில் சொல்வேன். ஜெய்ப்பூர் விமானம் என்றால் மிட்டாய்க் காகிதமும் காதில் வைக்கிற பஞ்சும்தான் இருக்கும். டப்பாவில் சாம்பல் கடுகளவு. பம்பாய் இரண்டு மணி நேரம், டப்பா முக்கால். மதராஸ் இரண்டரை மணி நேரம், டப்பா விளிம்பு வரைக்கும். வேலை முடிந்து பைகளை வரிசையாக வைத்தால், தூக்கிப் பார்க்காமலே எது எந்த ஊர்ப் பை என்று சொல்வேன். தூரம் என்பது எங்களுக்குக் குப்பைதான். இதில் நான் தப்பியதே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு தடவை தப்பினேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் சூப்பர்வைசர் ராமநாதன் சார். கோல் மார்க்கெட்டில் அவர் அப்பாவுக்குக் கிடைத்த கவர்மெண்டு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், தமிழ் எழுத்துப் படிக்க வராது. எங்களை 'வாங்கோ போங்கோ' என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மற்ற ஷிப்ட்டில் கத்துகிற பஞ்சாபி சூப்பர்வைசர் இருந்தார், அவரிடம் எங்களுக்குப் பயம் இல்லை. கத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ராமநாதன் சாரிடம்தான் பயம். காரணம், அவர் ஒரு கேள்வியை மூன்று நாள் கேட்பார். இன்றைக்கு ஒரு தடவை, நாளைக்கு ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை. புதிதாகக் கேட்பது போலவே கேட்பார். மூன்று பதிலையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி, ஒன்றோடு ஒன்று ஒட்டுகிறதா என்று பார்ப்பார். பொய் சொன்னவர்கள் இரண்டாம் நாளே மாட்டிக்கொள்வார்கள்.

ஆசியாட் விளையாட்டுக்காக டில்லியைத் தோண்டிப் போட்டிருந்த சமயம். மத்தியானம் வருகிற மதராஸ் நேர் விமானம் அன்றைக்கு ரொம்ப லேட். ஏன் லேட் என்று எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். லேட் என்று மட்டும்தான் வரும். றெக்கை நிழலும் இல்லாமல் வெயிலில் நின்றோம். கை அசைந்ததும் முதலில் ஓடிப்போய் ஏறியவள் பச்சையம்மாள்.

பச்சையம்மாள் எனக்குப் பத்து வயது சின்னவள். எங்கள் சீமைக்காரி, முனிர்காவில் என் சந்திலேயே இருந்தாள். அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். விமானத்தின் நடுவரிசைகள் அவளுடையவை. அன்றைக்கு என் பையின் வார் அறுந்துபோய், முடிச்சுப் போட்டுக்கொண்டு நான் ஏற ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அதுவரைக்கும் நடுவில் அவள் மட்டும்தான்.

என் வரிசைகளில் சாம்பல் டப்பா மூட முடியாமல் பிதுங்கிக் கிடந்தது. வேலை முடிந்து பைகளை வரிசையாக வைத்தோம். பச்சையம்மாளின் பை இளைத்துக் கிடந்தது. எனக்குச் சுருக்கென்றது. மதராஸ் விமானத்தில் பம்பாய்ப் பை எப்படி வரும்? டப்பாவைத் தட்டாமல் விட்டுவிட்டாளோ என்று உள்ளே போய் இரண்டு மூன்று இழுத்துப் பார்த்தேன். சுத்தமாகத் துடைத்திருந்தாள். அப்படியானால் மீதிக் குப்பை எங்கே?

 அதை மனசில் போட்டுக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து ஒரு புகார் வந்தது. அந்த விமானத்தில் வந்த ஓர் ஆபீசர் வீட்டு அம்மா, கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி முன் ஸீட்டுப் பையில் வைத்தாராம். மறந்துவிட்டாராம். நடுவரிசை.

ராமநாதன் சார் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். என்னிடம், "அஞ்சலை, அன்னிக்கு ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சுதா?" என்றார்.

"பச்சையம்மா பை எடை கம்மியா இருந்துச்சு சார். அவதான் மொதல்ல ஏறினா. எனக்கென்னமோ ஒரு பை முன்னாலயே எறங்கிப் போயிருக்கும்னு தோணுது."

எழுதிக்கொண்டார். மறுநாளும் கேட்டார். "ஒரு பை எறங்கியிருக்கு சார்" என்றேன். மூன்றாம் நாளும் கேட்டார். "எறங்கினத நீங்க பாத்தேளா?" என்றார்.

நான் வாரை முடிந்துகொண்டு நின்றவள். ஏணியை நான் பார்க்கவே இல்லை. ஆனால் இரண்டு இரவாக அதையே நினைத்து நினைத்து, பச்சையம்மாள் பையோடு ஏணியில் இறங்குவது என் கண்ணுக்குள் சினிமா மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. குப்பையைப் பார்த்து ஊரைச் சொல்கிறவளுக்குத் தப்பாது என்ற திமிர் வேறு.

"பாத்தேன் சார்" என்றேன்.

மூன்று பதிலும் மூன்று விதம். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அந்த நோட்டைத் திருப்பிக் காட்டிக் கொன்றிருப்பார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூடி ஜேபியில் வைத்துக்கொண்டார். மேலிடத்துக்குக் காட்ட அவருக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கும் என்பது என் சந்தேகம். அன்று சாயங்காலம் பச்சையம்மாளின் கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம், குற்றம் உறுதியானால் போலீஸில் கொடுப்போம் என்றார்கள். அவளுக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். திருடி என்று பெயர் வந்தால் அந்தப் பெண்ணை யார் கட்டுவார்கள்?

அதற்கப்புறம் சந்தில் எதிரே வந்தால் அவள் நிற்பாள், நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். திருடியோடு எனக்கென்ன பேச்சு என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

விசாரணைக்கு ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். மேஜைக்குப் பின்னால் ஹிந்திக்காரப் பெரிய ஆபீசர். பக்கத்தில் ராமநாதன் சார், பேசுவதை ஹிந்தியில் எடுத்துச் சொல்ல. புகார் கொடுத்த அம்மாவும் வந்திருந்தார். சாதுவான அம்மா, எங்களைப் பார்க்கவே சங்கடப்பட்டார். பச்சையம்மாள் சுவரோரம் நின்றாள். அவள் புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் கவனித்தேன். கையில் ஒன்றுமில்லை என்று காட்டுகிற பழக்கம் போகவில்லை.

முதலில் அந்த அம்மாவைச் சொல்லச் சொன்னார்கள்.

"கழுத்து ஒரே அரிப்பு. முதல் தடவை டிபன் கொடுத்தாளே, அப்போதான் கழட்டினேன். கைக்குட்டைல சுத்தி முன்னாடி பையில வெச்சேன். அப்புறம் அதைப் பத்தி நெனைக்கவே இல்லை. ஆத்துக்குப் போனப்புறம்தான் ஞாபகம் வந்தது."

ராமநாதன் சார் ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் ஒரு சொல் மாட்டிக்கொண்டது. முதல் தடவையா? இரண்டரை மணி நேர விமானத்தில் ஒரு தடவைதான் டிபன். மேலே ஏறியதும் மிட்டாய், பஞ்சு. அப்புறம் டிபன், காபி. தட்டை வாங்கினால் டில்லி வந்துவிடும். இரண்டாம் தடவைக்கு நேரமே கிடையாது. இந்த அம்மா பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். என் புத்தி அப்படி.

"அம்மா, எத்தினி தடவ டிபன் குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

பெரிய ஆபீசர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சுப் ரஹோ" என்றார். வாயை மூடு என்று அர்த்தம். ராமநாதன் சார் மட்டும் பென்சிலைக் கீழே வைத்தார். "கேக்கட்டும் சார்" என்று ஹிந்தியில் சொன்னார்.

"ரெண்டு தடவை" என்றார் அந்த அம்மா. "ஹைதராபாத்ல கொஞ்ச பேர் ஏறினாளே. அவாளோட விமானம் ரிப்பேராம். அவாளுக்குக் கொடுத்தப்போ எங்களுக்கும் கொடுத்தா."

"நேர் விமானம் இல்லியா அது?"

"டிக்கெட்ல நேர்னுதான் இருந்தது. அன்னிக்கு வழியில எறக்கிட்டா."

 தெரிந்துகொண்டே கேட்டேன். "அங்க நீங்க உள்ளயே இருந்தீங்களா?"

"முன்னாடி இருந்தவா யாரும் எழுந்துக்கலை. நடுவுல நாங்க கொஞ்சம் பேர் காத்தாட எறங்கி நின்னோம்."

"சுத்தம் பண்ண யாராவது ஏறினாங்களா?"

அந்த அம்மா யோசித்தார். "ஆமாம். ரெண்டு பொம்மனாட்டி. பையைத் தூக்கிண்டு எறங்கிப் போனா."

ஆள் உட்கார்ந்திருக்கிற வரிசையைத் தொடக்கூடாது என்பது எல்லா ஊரிலும் ஒரே சட்டம். நடுவரிசை எழுந்துவிட்டது. நடுவரிசையை மட்டும் சுத்தம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஹைதராபாத்திலிருந்து டில்லிக்கு இரண்டு மணி நேரம். பம்பாய்க்கும் அதேதான். முன்பக்கம் என் டப்பாக்கள் பிதுங்கியதற்கும் அதுதான் காரணம். அதையும் நான் கண்ணால் பார்த்தேன், கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு பை இறங்கியது உண்மை. இறங்கிய ஊர்தான் வேறே.

ராமநாதன் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அவர் சொல்லவில்லை. நோட்டை எடுத்து மூன்றாம் நாள் பக்கத்தைத் திருப்பினார். "அஞ்சலை, ஏணியில பை எறங்கினதப் பாத்தேன்னு சொல்லியிருக்கேளே?" என்றார். அதே மெதுவான குரல்.

பார்த்தேன் என்று நின்றிருந்தால் என் வேலைக்கு ஒன்றும் வந்திருக்காது. ஹைதராபாத்தில் ஒரு பை, டில்லியில் ஒரு பை என்று போயிருக்கும். மாற்றிப் பேசினால் பொய் சாட்சி சொன்னவள். அந்த அறையில் பச்சையம்மாளையும் என்னையும் தவிர எல்லாருக்கும் படிக்கத் தெரியும். எனக்கு இருந்ததே என் சொல் ஒன்றுதான்.

"பாக்கல சார்" என்றேன். "என் பை வாரு அறுந்து போச்சு. நான் குனிஞ்சு முடிஞ்சிக்கினு இருந்தேன். பாக்காததப் பாத்தேன்னு சொன்னேன். தப்பு என்னுது."

"நாளைக்குக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேளா?"

"நாளைக்கும் இதான். நாளான்னைக்கும் இதான்."

கேட்டார். நாளைக்கும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். அதேதான் சொன்னேன். என்னை ஒரு மாதம் விமானத்தில் ஏறவிடாமல் கழிவறை பக்கெட் கழுவப் போட்டார்கள். கழுவினேன். ஹைதராபாத்துக்கு எழுதிக் கேட்டார்கள், அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்று பதில் வந்ததாம். சங்கிலி கடைசிவரை கிடைக்கவில்லை. அங்கே எடுத்தார்களோ, புதிதாக ஏறியவர்கள் யாராவது எடுத்தார்களோ, அந்த அம்மா வீட்டிலேயே பீரோவில் கிடந்ததோ, எனக்கு ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் மேல் சந்தேகம்.

பச்சையம்மாளுக்கு கேட் பாஸ் திரும்பிவிட்டது என்று தெரிந்த அன்று அவள் அறைக்குப் போனேன். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"நாளைக்கு வேலைக்கு வா. நான் சொல்லிட்டேன்" என்றேன்.

முறத்தை நிறுத்தாமலே கேட்டாள். "எதச் சொன்னக்கா? மொதல்ல சொன்னதா, பொறவு சொன்னதா?"

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன்.  திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து நானும் விமானத்துக்குத் திரும்பினேன். கை அசைந்தது. எப்போதும் முதலில் ஓடுகிற பச்சையம்மாள் ஏணிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். "நீ ஏறுக்கா மொதல்ல" என்றாள். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்து வெடுக்கென்று ஏறினேன். மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும். சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. சோற்று டப்பாவைத் திறந்தால் எனக்கும் ஊறுகாய் வைப்பாள். ஏணியில் மட்டும் எனக்கு முன்னால் கால் வைக்க மாட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அவள் பெண்ணுக்குக் கல்யாணம். சந்திலேயே பந்தல். என்னை வீட்டுக்கு வந்து அழைத்தாள், நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். தாலி கட்டி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து வந்தார்கள். குனிந்து என் காலைத் தொட்ட பெண்ணுக்கு விபூதி வைக்கக் கை நீட்டினேன். என் கண் அவள் நெற்றிக்குப் போகவில்லை. கழுத்துக்குப் போனது. நான் போகச் சொல்லவில்லை, அதுவாகப் போனது. விசாரணையில் எல்லாவற்றையும் என் வாயால் மாற்றிச் சொன்னவள் நான். அவள் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் போனது.

பச்சையம்மாள் பக்கத்தில்தான் தட்டோடு நின்றாள். பார்த்துவிட்டாள். பெண்ணின் முந்தானையைக் கொஞ்சம் விலக்கினாள்.

"மஞ்சக் கயிறுதான்க்கா" என்றாள் என் காதோடு. "குந்துமணி அளவு தாலி. வேற ஒண்ணும் இல்ல. நல்லாப் பாத்துக்கோ."

விபூதி வைத்தேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மொய் எழுதினேன். எழுந்து வந்தேன்.

மறுநாள் மத்தியானம் மதராஸ் விமானம் சரியான நேரத்துக்கு வந்து நின்றது. றெக்கை நிழலில் நின்றோம். கல்யாணத்துக்கு மறுநாளே வேலைக்கு வந்திருந்தாள் பச்சையம்மாள், கையில் மருதாணி. மேலேயிருந்து கை அசைந்தது. அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏணிக்கு ஓரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டாள்.

நான் ஏறினேன். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் நான்தான் முதலில் ஏறினேன்.